ஏழு பேர் பேசும் மொழி

பதினொரு வருடத் தொழிலில் ஒரு வார்த்தையைக்கூடச் சொந்தமாகச் சேர்த்ததில்லை என்பதில் தாமரைக்குப் பெருமை உண்டு. அவள் சைகைமொழி மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டு வருவாள்.

அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. கிள்ளானில் தையல்கடைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் புழங்கியது மலேசியச் சைகைமொழி. சுருக்கமாக பிம் என்பார்கள். தாமரை முதலில் பேசியது அதைத்தான். தமிழ் பிறகுதான் வந்தது. பாதி எதிர்வீட்டிலிருந்து, மீதி டிவியிலிருந்து. முதலாம் ஆண்டில் ஆசிரியை, "உங்க வீட்டுல என்ன மொழி பேசுவீங்க?" என்று கேட்டபோது அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். ஆசிரியை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டார். இந்தக் கதையைத் தாமரை எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்வாள். கேட்பவர்கள் தவறாமல் உச்சுக் கொட்டுவார்கள்.

ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை அவளைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சேலைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒரு சங்க அலுவலகம். அங்கே பழனியப்பன் என்பவர் திருமணத் துணைப் பதிவாளர். பதிவுப் பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மாப்பிள்ளை சின்னையாவுக்கு அறுபத்தொரு வயது. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. முன்பு பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இப்போது கோலாலம்பூரில் சாலாக் செலாத்தான் பகுதியில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவல் வேலை. பெண் வீரம்மாவுக்கு ஐம்பத்தேழு. அதே தோட்டத்தில் பிறந்தவர். பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தோட்டத்தை விற்ற பிறகு பந்திங்கில் தம்பி வீட்டில் இருக்கிறார்.

முந்தின நாள் அந்தத் தம்பியின் மனைவி தங்கமணி பழனியப்பனுக்கு ஃபோன் செய்து, "எங்க நாத்தனாருக்குக் கல்யாணம்னா என்னன்னே தெரியாது. அவங்களுக்கு பாஷையே இல்ல சார். நீங்க பாட்டுக்குக் கையெழுத்து வாங்கிராதீங்க" என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளையே பெண்ணுக்காகப் பேச முடியாது. அதனால்தான் தாமரை.

தாமரை நாற்காலியை இழுத்துப் போட்டு வீரம்மாவின் எதிரில் உட்கார்ந்து பிம்மில் தெளிவாகக் கேட்டாள்: 'வணக்கம். உங்கள் பெயர் என்ன?'

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒருவன் காய்கறி சீவும் கருவியைச் செய்துகாட்டும்போது பார்ப்பதுபோல வீரம்மா அவள் கைகளைப் பார்த்தார். முடிந்ததும், அடுத்தது என்ன என்பதுபோலக் காத்திருந்தார். தாமரை கேள்வியை மாற்றினாள். விரலால் எழுத்துக் கூட்டினாள். எதுவும் போய்ச் சேரவில்லை. வீரம்மா திரும்பிச் சின்னையாவிடம் கைகளால் மளமளவென்று ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க அங்கிள்?"

"வளையல் உனக்கு எடுப்பா இருக்காம்மா. ஆனா ஓயாம கையை ஆட்டுறியாம். கழண்டு விழுந்திரப் போகுதுன்னு சொல்லுது."

இருபது நிமிடம் கழித்துத் தாமரை அறிக்கை எழுதினாள். பாரத்தில் 'மொழி' என்ற கட்டத்தில் மலாயில் 'தியாடா' என்று எழுதினாள். இல்லை என்று பொருள்.

சின்னையா அதை எட்டிப் பார்த்தார். "இல்லையா? இது பேசுற பேச்சுக்கு நான் லோரியை நிறுத்திட்டுக் கேட்டிருக்கேன்மா."

"அது வீட்டுச் சைகை அங்கிள். பழகினவங்களுக்குப் புரியும். மொழின்னா அதுக்கு ஒரு அமைப்பு வேணும், பேசுற ஆளுங்க வேணும்."

"ஆளுங்கதான் இருக்காங்களே."

"பதிவுல இல்ல லா அங்கிள்."

பழனியப்பன் 'ஒத்திவைப்பு' என்று முத்திரை குத்தினார். கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி. புறப்படும் நேரத்தில் வீரம்மா சேலையைச் சரிசெய்து, வெள்ளைச் சுவரில் முதுகு படும்படி நேராக நின்றுகொண்டார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. சின்னையா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை தாமரை கமலநாதனைப் பார்க்கப் போனாள். பிரிக்பீல்ட்ஸிலேயே இன்னொரு தெருவில் சைகைமொழி வகுப்பு நடத்துபவர். காது கேட்காது. ஊர் பினாங்கு. முதலில் கோலாலம்பூர் வந்தபோது இவர் சைகைகளைப் பார்த்து இங்கிருந்த காது கேளாதவர்களே, இது எந்த ஊர்ப் பாஷை என்று சிரித்தார்களாம். தாமரை அன்றைய விஷயத்தை, தொழில்காரர் தொழில்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். 'தியாடா' வந்ததும் கமலநாதன் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

'ஒருத்தர் வந்து உன்கிட்ட தெலுங்குல பேசறார்' என்று அவர் கைகள் கேட்டன. 'நீ முழிக்கிற. உடனே அவர், இந்தப் பெண்ணுக்கு மொழி இல்லைன்னு எழுதிட்டுப் போறார். சரியா?'

'தெலுங்கு ஒரு மொழி.'

'தமிழும்தான். அது அவருக்குத் தெரியல. அவ்வளவுதான்.' கொஞ்சம் நிறுத்தி, 'உங்க டீச்சர் கோடு மட்டும்தான் போட்டாங்க. நீ எழுதி, முத்திரையும் வாங்கிக் குடுத்திருக்க' என்றார்.

தாமரை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போகும் ரயிலில் தன் கைகளை மடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பழனியப்பனைக் கூப்பிட்டு, தன் அறிக்கை தவறு, திருத்த அவகாசம் வேண்டும் என்றாள். பதினொரு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எந்தக் கட்டத்துல தவறும்மா?" என்று பழனியப்பன் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை வீரம்மாவின் பேச்சைக் கற்றுக்கொள்ளத் தாமரையும் கமலநாதனும் பஸ் பிடித்துப் பந்திங் போனார்கள். கல்யாணப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை என்று ஏற்பாடு. பதிவாளர் கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, பதிலைப் பழக்கிவிட்டார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

தங்கமணி வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பத்தெட்டு வயது, மூக்குத்தி, தீர்மானமான முகம்.

"வாங்க, உக்காருங்க. ஆனா வீண் அலைச்சல்தான். அவங்களுக்கு ஒண்ணும் புரியாது."

அப்போது அடுப்படியிலிருந்து வீரம்மா ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, தங்கமணியிடம் இன்னொரு கையால் ஏதோ சொன்னார். தங்கமணி பதில் சொன்னார். வீரம்மா மீனைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் சொன்னார். தங்கமணியும் இரண்டு கைகளாலும் சொன்னார். கைகள் தோளுக்கு மேலே போயின, இடுப்புக்கு வந்தன, காற்றில் யாரோ ஒருவருடைய நடையை நடந்து காட்டின. வீரம்மா உள்ளங்கையை ஊதி விளக்கை அணைப்பதுபோல ஒரு சைகை செய்தார். தங்கமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சைகையை இன்னும் வேகமாகத் திருப்பிச் செய்தார். பத்து நிமிடம் இப்படிப் போயிற்று.

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் தாமரை.

"நேத்து வாங்கின மீனாம், கெட்டுப்போச்சாம். புளியை அதிகம் போட்டு மறைக்கப் பாக்கறேனாம். எங்க மாமியார் இருந்திருந்தா இந்த மீனை மூஞ்சில வீசியிருப்பாங்களாம். நான் சொன்னேன், உங்கம்மா செத்து பதினஞ்சு வருஷமாச்சு, அவங்க வச்ச கொழம்பும் வாயில வைக்க முடியாது, பாவம் அதைச் சொல்லாமத்தான் மனுஷி சாகற வரைக்கும் நான் சாப்பிட்டேன்னு." தங்கமணி மூச்சு வாங்கினார். "பாத்தீங்கல்ல? ஒண்ணுமே புரியாது."

தாமரை கமலநாதனுக்கு இதை மாற்றிச் சொன்னாள். கமலநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

பிறகு அவர் வீரம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் உரித்துக்கொண்டே இருந்தார். அதன்பின் வெங்காயத்தைக் காட்டினார், கத்தியைக் காட்டினார், தங்கமணியைக் காட்டினார். வீரம்மா ஒவ்வொன்றுக்கும் சைகை சொன்னார். மூக்குத்தியைத் தொட்டு வாயைத் திறந்து மூடினால் தங்கமணி. ஸ்டியரிங்கைப் பிடித்து வயிற்றைச் சொறிந்தால் சின்னையா. கன்னத்தில் கைவைத்துத் தூங்கி ஒரு விரல் நீட்டினால் நாளை. உள்ளங்கையை ஊதினால் இறந்துபோனவர்.

நான்கு சனிக்கிழமை போனார்கள். மூன்றாவது தடவை கமலநாதன், 'நேற்று மழை இல்லை' என்று வீரம்மாவின் கையசைவில் சொல்லிப் பார்த்தார். உதட்டைத் துடைத்துவிட்டால் 'இல்லை' என்று அர்த்தம். அவர் முதலில் உதட்டைத் துடைத்துவிட்டுப் பிறகு மழையைச் சொன்னார். வீரம்மா அவர் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார். மழையை முதலில் சொல்லி, உதட்டைக் கடைசியில் துடைத்துக் காட்டினார்.

கமலநாதன் சிவந்த கையைத் தாமரையிடம் நீட்டினார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை. 'தப்பாப் பேசிட்டேன்! வெறும் சைகையில தப்புப் பண்ண முடியாது. மொழியிலதான் முடியும்.'

தங்கமணியின் கல்யாணத்தைப் பற்றி வீரம்மா தானாகவே ஒரு கதை சொன்னார். கழுத்தருகே மூன்று முடிச்சுப் போடும் சைகை அதில் வந்தது. கமலநாதன் அதைக் குறித்துக்கொண்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் எல்லோரும் மறுபடி சங்க அலுவலகத்தில் கூடினார்கள். தங்கமணியும் வந்து கடைசி நாற்காலியில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தார். ஏற்பாடு இதுதான்: வீரம்மா சொல்வதைக் கமலநாதன் பிம்முக்கு மாற்றுவார், பிம்மைத் தாமரை தமிழில் சொல்வாள். கேள்வி அதே வழியில் திரும்பிப் போகும்.

பழனியப்பன் பேனாவைத் திறந்தார். "முதல்ல இந்த மொழிக் கட்டம். இந்த பாஷைக்கு எழுத்து இருக்கா?"

கமலநாதனின் பதிலைத் தாமரை சொன்னாள். "இல்ல சார்."

"இலக்கணம்?"

"இருக்கு. மீறினா அடி விழும்."

பழனியப்பன் குறித்துக்கொண்டார். "எத்தனை பேர் பேசறாங்க?"

"தோட்டத்துல இருந்தப்ப இருபத்துமூணு பேர். இப்ப ஏழு. அதுல ரெண்டு பேர் ஒரு சண்டைக்கு அப்புறம் பேசிக்கறதில்ல."

"அப்ப ஏழுன்னே போடலாமா?"

"போடலாம் சார். சண்டையும் அந்த பாஷையிலதான் நடந்துச்சு."

"பேரு?"

இந்தக் கேள்வி வீரம்மாவிடம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்குக் கேள்வியின் அவசியமே புரியவில்லை. இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் சும்மா அசைத்தார்.

"பேச்சுன்னு சொல்றாங்க" என்றாள் தாமரை.

பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருடமாகத் தமிழ் செம்மொழி என்று மேடையில் முழங்கியவர். இந்தப் பெண்மணி சொன்னது அவருக்கு ஏனோ நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். 'தியாடா'வை ஒரு கோடு போட்டு அடித்து, கையொப்பமிட்டு, பக்கத்தில் 'இஷாராத்' என்று சைகைக்கான மலாய்ச் சொல்லை எழுதி, அடைப்புக்குறிக்குள் 'வீரம்மா' என்று சேர்த்தார்.

பிறகு எழுந்து நின்று கேட்டார். "இந்தச் சின்னையாவைக் கணவரா ஏத்துக்க உங்களுக்குச் சம்மதமா?"

தாமரை கையசைத்தாள். கமலநாதன் கையசைத்தார். மூன்று முடிச்சுப் போட்டார், ஸ்டியரிங்கைப் பிடித்தார், வயிற்றைச் சொறிந்தார், புருவத்தை உயர்த்தினார்.

வீரம்மா அவரை உற்றுப் பார்த்தார். சின்னையாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். கமலநாதன் அதை பிம்முக்கு மாற்றினார். அவர் சொன்னதைத் தாமரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் வேலை.

"கல்யாணமா, யாருக்குன்னு கேக்கறாங்க. இவரு என்கிட்ட கேக்கவே இல்லைங்கறாங்க."

"கேட்டேனே!" என்றார் சின்னையா.

"யார்கிட்ட அங்கிள்?"

சின்னையா விரல்விட்டு எண்ணினார். தம்பியிடம் கேட்டிருந்தார். தங்கமணியிடம் கேட்டிருந்தார். கோயிலில் நாள் கேட்டிருந்தார். தன் மகனிடம்கூடக் கேட்டிருந்தார். எண்ணி முடித்தபின் அவர் விரல் அப்படியே நின்றது.

"கேஎல் போறோம், கையெழுத்துப் போடணும்னு சொன்னேன்மா. அதுக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

வீரம்மா மேலே சொன்னதைத் தாமரை மாற்றினாள். "அரசாங்கம் ஊனமுற்றோருக்குக் குடுக்கற அட்டையைப் புதுப்பிக்க வந்தோம்னு நெனைச்சாங்களாம். போன தடவை போட்டோ எடுக்காம அனுப்பினதுக்கே கோவமாம். நல்ல சேலை வீணாப் போச்சாம்."

மார்ச் மாதம் சின்னையாவின் தலையசைப்பை நம்பி ஒருவர் கையெழுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாமரை யோசித்தாள். தான் எழுதிய தப்பான சொல் ஒரு தப்பான கல்யாணத்தைத் தடுத்திருக்கிறது. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசி நாற்காலியில் தங்கமணி, "நான் சொன்னேன்ல" என்றார். ஆனால் குரலில் வெற்றி எதுவும் இல்லை.

"இப்பக் கேளுங்க" என்றார் பழனியப்பன் சின்னையாவிடம். "நாங்க வேணும்னா வெளிய நிக்கறோம்."

"வேணாம் சார்."

சின்னையா வீரம்மாவின் முன்னால் போய் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவசரத்தில் மூன்று முடிச்சைத் தன் கழுத்தருகிலேயே போட்டுக் காட்டினார். வீரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தி, சரியான இடத்தில் வைத்தார். அவர் மறுபடி கேட்டார். நீ, நான், முடிச்சு, ஒரே வீடு. அவ்வளவுதான் கேட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வீரம்மா நிதானமாகப் பதில் சொன்னார். கமலநாதன் மாற்றினார். தாமரை பேசினாள்.

"ஆள் நல்ல ஆளுதான். எனக்குப் பிடிக்கும். ஆனா சாலாக் செலாத்தானுக்கு நான் வரமாட்டேன். ஒரு தடவை அங்க வந்தேன். மாடி மேல மாடி, எல்லாரும் கதவைச் சாத்திக்கறாங்க. பேச ஒரு ஆளு இல்ல. நீ வேலைக்குப் போயிட்டா நான் சுவத்தோட பேசணும். பந்திங்குல ஆளுங்க இருக்காங்க. நீ வேணா அங்க வா. யோசிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து கேளு. இங்க வச்சுக் கேக்காத."

"அப்ப இன்னிக்குப் பதிவு இல்ல" என்றார் பழனியப்பன். பாரத்தை மடிக்காமல் கோப்பில் வைத்தார்.

படியிறங்கும்போது தங்கமணி பாதியில் நின்றுவிட்டார். தாமரை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா, தலை சுத்துதா?"

"இல்ல தங்கச்சி." தங்கமணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "எங்க வீட்டுக்காரரு காலையில வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. புள்ளைங்க ஃபோனை விட்டுத் தலையைத் தூக்காது. இருபத்தஞ்சு வருஷமா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் பேசுறது இவங்ககிட்ட மட்டும்தான். இவங்க போயிட்டா நான் யார்கிட்டம்மா சண்டை போடுவேன்?"

"அதைச் சொல்லியிருக்கலாமேக்கா."

"அதெல்லாம் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்த முடியுமா? பாஷை இல்லன்னு சொன்னா நிறுத்தலாம்னு யாரோ சொன்னாங்க."

சின்னையா அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்திங் போனார். வீரம்மா சோறு போட்டு அனுப்பிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். மூன்றாவது ஞாயிறு, பந்திங்கில் ஒரு மரப்பலகை ஆலை வாசலில் காவல் வேலை கிடைத்த செய்தியோடு போய்க் கேட்டார். அன்றைக்கு வீரம்மா தலையசைத்தார். தங்கமணி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வாடகை வீடு பார்த்தார்கள். வீட்டைத் தேடிப் பிடித்தது தங்கமணிதான்.

ஆகஸ்டில் பதிவு நடந்தது. பழனியப்பன் ஒரு முறை கேட்டார், வீரம்மா ஒரு முறை பதில் சொன்னார். சாட்சிக் கையெழுத்துப் போட்டது தங்கமணி. கமலநாதன் தன் வகுப்புக்கு வந்து பிம் கற்கும்படி வீரம்மாவை அழைத்தார். விரல் வேலை அதிகம் என்று வீரம்மா மறுத்துவிட்டார். வேண்டுமானால் அவர் பந்திங் வரலாம் என்றார்.

பிறகு எல்லோரும் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக்கடைக்குப் போனார்கள். வீரம்மா இடது கையாலேயே தோட்டத்து மானேஜரின் நாயைப் பற்றி ஒரு கதை சொன்னார். சின்னையாவுக்குப் புரையேறியது. தங்கமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமலநாதன் மேசையைத் தட்டினார். தாமரைக்குப் பாதிதான் புரிந்தது. மற்றவர்களைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். வீரம்மா அதைக் கவனித்துவிட்டார். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, வெளியூர்க்காரிக்குச் சொல்வதுபோல, நாயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மெதுவாகத் திரும்பச் சொன்னார். தாமரை குழம்பு ஊற்ற வந்தவரைக் கையால் நிறுத்திவிட்டு, கண்ணெடுக்காமல் பார்த்தாள். இந்தத் தடவை முக்கால்வாசி புரிந்தது.